காதுல கேட்டதுக்கு ஒரு நம்பராம்!

ஏலே பேராண்டி, நீ பாக்குத சோலி என்னன்னு ஊர்ல நாலு பேரு கேக்காங்க. "மெடிக்கல் கோடிங்"னு சொன்னா, மருந்துக் கடையாங்காங்க. இல்லைங்கேன். ஆஸ்பத்திரியாங்காங்க. அதுவும் இல்லைங்கேன். அமெரிக்காவுல ஒருத்தனுக்கு வயித்து வலி வந்தா டாக்டரு எழுதுத சீட்டு கடல் தாண்டி மெட்ராஸுக்கு வரும். எம் பேரன் ஏ.சி. ரூம்ல உக்காந்து அதை வாசிச்சு, அந்த வலிக்கு ஒரு நம்பர் போட்டுத் திருப்பி அனுப்புவான். அந்த நம்பரைப் பாத்துத்தான் இன்சூரன்ஸ்காரன் டாக்டருக்குத் துட்டு குடுப்பான். இம்புட்டையும் சொல்லி முடிச்சா, "அப்ப வலிக்கு மருந்து யாரு குடுப்பா?"ன்னு ஒரு கெழவி கேக்கா. நியாயமான கேள்விதான? அதுக்கு ஒன் பொஸ்தகத்துல நம்பர் இருக்கா?

இருந்தாலும் இருக்கும். 70,000-க்கு மேல நம்பர் வச்சிருக்கீங்களாமே! மாடு கடிச்சா ஒரு நம்பர். மாடு முட்டுனா வேற நம்பர். நான் மாட்டோடயே வளந்தவன். முட்டுன மாட்டைப் பாத்திருக்கேன், ஒதைச்ச மாட்டைப் பாத்திருக்கேன். மனுசனைக் கடிச்ச மாட்டை இன்னும் பாக்கலை. அமெரிக்கா மாட்டுக்குப் பசி கூடுதல் போல. வாத்து கடிச்சா ஒண்ணு, வாத்து வந்து மோதுனா ஒண்ணு. ஏரோப்ளேன் எஞ்சின் ஆளை உறிஞ்சி இழுத்துட்டா அதுக்கும் ஒண்ணு. இழுபட்டவன் பொழைச்சு ரெண்டாம் தடவை வைத்தியத்துக்கு வந்தா, அதே நம்பருக்குப் பின்னால வேற எழுத்தாம். எஞ்சினுக்குள்ள போயிட்டு வந்தவனை எழுத்து மாத்தி வரவேக்காங்க!

மாமனார் மாமியார் சண்டைக்கு இசட் 63.1. அந்த ஒரு நம்பரை நம்ம ஊர்ல போட ஆரம்பிச்சா ஒங்க கம்ப்யூட்டர் புகைஞ்சு போவும். கோலங்கெட்டு வந்து நின்னா ஆர் 46.1. முட்டி கிழிஞ்ச பேண்டை மாட்டிக்கிட்டுப் பொங்கலுக்கு வந்தியே, ஒனக்கு நீயே போட்டுக்கிட்டியா?

சரி, விளையாட்டு போதும். நான் சொல்ல வந்தது வேற. யாருமில்லாத எடத்துல ஒருத்தனுக்குப் பேச்சுக் குரல் கேக்கு. அதுக்கும் நம்பர் வச்சிருக்கீங்களே, ஆர் 44.0, அதைப் பத்தித்தான் பேசணும். இல்லாதது கண்ணுக்குத் தெரிஞ்சா 44.1. மூக்குலயோ நாக்குலயோ தெரிஞ்சா 44.2. எதுல தெரிஞ்சுதுன்னு டாக்டரு எழுத மறந்துட்டா 44.3. மறதிக்குக்கூட நம்பர் உண்டுன்னா அந்த நாடு முன்னேறுன நாடுதான்!

2015 செப்டம்பர் வரைக்கும் அங்கயும் இம்புட்டுப் பிரிவினை கிடையாது. காது, மூக்கு, நாக்கு எல்லாத்துக்கும் 780.1-ன்னு ஒரே நம்பர், கூட்டுக் குடும்பம். அந்த வருசம் அக்டோபர் 1-ந் தேதி பழைய பொஸ்தகத்தை மூடிப் புதுசைத் தொறந்தாங்க. காது தனிக்குடித்தனம் போயிட்டு. இப்ப வருசா வருசம் அதே தேதிக்குப் பொஸ்தகத்துல திருத்தம் வருதாம். நாம சரஸ்வதி பூசைக்குப் பொஸ்தகத்தை அடுக்கி வச்சுக் கும்பிடுத சமயத்துல, நீங்க புதுப் பொஸ்தகத்தை வச்சுக்கிட்டு முழிக்கீங்க.

நோவை எண்ணுத பழக்கத்தை நான் குறை சொல்லலை. பாரிஸ் பட்டணத்துல ழாக் பெர்த்தியோன்னு ஒரு புள்ளிவிவரக்காரர், ஆளுங்க எது எதுல சாகுதாங்கன்னு 1893-ல பட்டியல் போட்டாரு. எதுல சாகுதாங்கன்னு தெரிஞ்சாத்தான எதைத் தடுக்கணும்னு தெரியும்? நல்ல காரியம். 1948-ல உலக சுகாதார நிறுவனம் அதைக் கையில வாங்கி, உசுரோட இருக்கவன் நோவையும் சேத்துச்சு. அதுவும் நல்ல காரியம். அந்தப் பட்டியல்ல கல்லாப்பெட்டியைக் கொண்டுபோய்க் கட்டுனது அமெரிக்காக்காரன். அன்னைலேருந்துதான் தும்மலுக்கு ஒரு வெலை, இருமலுக்கு ஒரு வெலை.

இப்பக் குரலுக்கு வா. காதுக்குள்ள 'ஙொய்'ன்னு ஒரு இரைச்சல் கேட்டா எச் 93.1-ல சேக்கணுமாம். அதுலயும் வலது காதுக்கு ஒண்ணு, இடது காதுக்கு ஒண்ணு, ரெண்டு காதுக்கும் சேத்து ஒண்ணு, எந்தக் காதுன்னு தெரியலைன்னா இன்னொண்ணு. வெறும் இரைச்சலுக்கு நாலு நாற்காலி! ஆளு வந்து வாய் தொறந்து பேசுனா? ஒரே நம்பர். செத்துப்போன வீட்டுக்காரி வந்து "சாப்ட்டீயளா?"ன்னு கேட்டாலும் 44.0. எவனோ ஒருத்தன் வந்து "கெணத்துல குதி"ன்னு அதட்டுனாலும் 44.0. எந்தக் காதுன்னு கேக்கத் தெரிஞ்ச பொஸ்தகத்துக்கு, என்ன சொல்லுச்சுன்னு கேக்கத் தோணலையே! எது மொதல்ல தெரியணும்? நீயே சொல்லு.

ராத்திரி ஷிப்டுல ஒன் ரூம் கூட்டாளி ஒருத்தன் இருக்கானே, பில்லுக்குத் துட்டு கேட்டு அமெரிக்காவுக்குப் போன் போடுத ஏ.ஆர். காலர். விடிய விடிய போனைக் காதுல மாட்டிக்கிட்டு அமெரிக்க இன்சூரன்ஸ்காரன் குரலையே கேக்கானே, "லைன்ல இருங்க, லைன்ல இருங்க"ன்னு. தூக்கத்துலயும் அது கேக்குன்னு சொன்னான். பாவம், அவனுக்கு நம்பர் இல்லை, சம்பளம் இருக்கு.

என்ன சொல்லுச்சுங்கதுல என்ன இருக்குன்னு கேக்கியா? இருக்குடே. 2015-ல இங்கிலாந்து மனநல மருத்துவப் பத்திரிகையில ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. தான்யா லுஹ்ர்மன்னு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து அம்மா, நம்ம மெட்ராஸ் ஸ்கார்ஃப் நிறுவனத்து டாக்டர் பத்மாவதி, இன்னும் ரெண்டு பேரு சேந்து செஞ்சது. ஸ்கார்ஃப் தெரியுமா? சாரதா மேனன் அம்மா 1984-ல ஆரம்பிச்சது. நீ வேலை பாக்குத ஊர்லதான் இருக்கு, போயிப் பாத்திருக்க மாட்ட. கலிஃபோர்னியாவுல 20 பேரு, கானா நாட்டு அக்ராவுல 20 பேரு, மெட்ராஸ்ல 20 பேரு. எல்லாருக்கும் ஸ்கிசோஃப்ரினியாங்க மனச்சிதைவு நோவு, எல்லாருக்கும் குரல் கேக்கு. என்ன கேக்குன்னு ஒவ்வொருத்தரையும் உக்கார வச்சுக் கேட்டாங்க.

அமெரிக்காக்காரனுக்கு அடி, வெட்டு, யுத்தம்னு கேட்டிருக்கு. அக்ராவுல நெறையப் பேருக்குக் கடவுள் பேசியிருக்காரு. மெட்ராஸ்ல? சொந்தக்காரங்க! பாதிப் பேருக்கு மேல வீட்டு ஆளு குரல்தான். "அதைச் செய், இதைச் செய்"னு ஏவுது, திட்டுது, புத்தி சொல்லுது. "போயி சமையலைப் பாரு"ங்குது. பாத்தியா நம்ம சொந்தபந்தத்தை? காதுக்குள்ள புகுந்தும் சோலி ஏவுதாங்க. சிரிக்காத. அவங்களுக்கும் வேதனை உண்டு, வைத்தியம் வேணும். ஆனா கொலை செய்யச் சொல்லுத குரலும், குளிக்கச் சொல்லுத குரலும் ஒண்ணாலே? ராத்திரி பக்கத்துல ஆளு படுக்கணுமா வேண்டாமாங்கது அதை வச்சுத்தான முடிவாகும்? அந்த முடிவு ஒன் நம்பர்ல கிடையாது. டாக்டரு எழுதுத நாலு வரியிலதான் இருக்கு. எழுதுனா!

குரல் கேட்டாலே கோட்டிங்கதும் ஒரு கோட்டித்தனம்தான். வேல்ஸ் நாட்டுல டெவி ரீஸ்னு ஒரு கிராமத்து டாக்டரு. பொண்டாட்டியையோ புருசனையோ பறிகுடுத்த 293 பேரைப் போயிப் பாத்து 1971-ல எழுதுனாரு. செத்தவங்க பக்கத்துலயே இருக்க மாதிரி உணந்தவங்க, பாத்தவங்க, குரலைக் கேட்டவங்கன்னு சேத்தா கிட்டத்தட்டப் பாதிப் பேரு! அதுல முக்காவாசிப் பேரு அதுவரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடலை. ஏன் விடலை? சொன்னா ஒன்ன மாதிரி ஒரு பய நம்பர் போட்டுருவானேங்க பயமா இருக்கும். அம்பது வருசம் ஒரு குரலைக் கேட்டுப் பழகுன காது, ஆளு போனதும் ஒடனே அதை மறந்துருமா? தூக்கம் கண்ணைச் சொக்கும்போது யாரோ பேரைச் சொல்லிக் கூப்புட்டாப்ல இருக்கதும் அப்படித்தான். எனக்கு இருக்கு, ஒனக்கும் இருக்கும். காது அடைச்ச கெழவங்களுக்குப் பழைய பாட்டு கேக்கதும் உண்டு. அவங்களுக்குக் காது வைத்தியம் பாக்கணும், கட்டிப் போடக் கூடாது.

இன்னொரு கூத்தைக் கேளு. 1973-ல டேவிட் ரோசன்ஹான்னு ஒரு பேராசிரியர் 'சயன்ஸ்' பத்திரிகையில எழுதி ஊரையே கலக்குனாரு. நல்லா இருக்க எட்டுப் பேரு 12 ஆஸ்பத்திரிக்குப் போயி, "காதுல குரல் கேக்கு, 'வெத்து', 'பொள்ளல்', 'தொம்'முன்னு சொல்லுது"ன்னாங்களாம். அம்புட்டுத்தான், உள்ள போட்டாச்சு. ஒரு எடம் தவிர எல்லா எடத்துலயும் ஸ்கிசோஃப்ரினியான்னு எழுதியாச்சு. உள்ள போன ஒடனே, குரல் நின்னுட்டுன்னு சாதாரணமா இருந்தாங்க. யாரு நம்புதா? சராசரி 19 நாள் இருந்தாங்க, ஒருத்தர் 52 நாள். நோட்டுல குறிப்பு எழுதிக்கிட்டு இருந்தா, எழுதுத பழக்கம் இருக்குன்னு அதையும் நோவுச் சீட்டுல ஏத்திட்டாங்க. பக்கத்துக் கட்டில் நோயாளிங்கதான் கண்டுபிடிச்சாங்க, "நீ பத்திரிகைக்காரன்தான?"ன்னு. கோட்டிக்காரனுக்குத் தெரிஞ்சது கோட்டுப் போட்டவருக்குத் தெரியலை.

அத்தோட முடிஞ்சிருந்தா நானும் சிரிச்சுட்டுப் போயிருப்பேன். முடியலை. 2019-ல சூசன்னா கஹாலன்னு ஒரு எழுத்தாளரம்மா அந்தக் கதையைத் தோண்டுனாங்க. ரோசன்ஹானும் நோயாளி வேசம் போட்டவங்கள்ல ஒருத்தருல்லா? அன்னைக்கு டாக்டரு எழுதுன சீட்டு கெடைச்சுட்டு. அதுல வெறும் மூணு வார்த்தை இல்லை. குரல் தாங்காம செம்பை வச்சுக் காதை மூடிப் பாத்ததும், செத்துரலாம்னு தோணுததும் அவரு சொன்னதாப் பதிவாயிருக்கு. இதைக் கேட்டா எந்த டாக்டருதான் வீட்டுக்கு அனுப்புவாரு? ஊரை ஏமாத்துன பேராசிரியரை யாரு பிடிச்சது? அம்பது வருசத்துக்கு முன்னால ஒரு டாக்டரு, கேட்டதைக் கேட்டபடி எழுதி வச்சாரே, அந்தச் சீட்டு பிடிச்சுது. ஒழுங்கா எழுதுனவன் செத்தாலும் எழுத்து சாட்சி சொல்லும்.

இப்ப அப்படி எழுதுதாங்களாங்கேன். கம்ப்யூட்டர் வந்த பெறகு பேனாவுக்குச் சோலி இல்லை, ரெண்டு பொத்தானுக்குத்தான் சோலி. நேத்து எழுதுனதை எடு, இன்னைக்கு ஒட்டு. "குரல் எதுவும் கேக்கலைங்கார்"னு திங்கக்கெழமை ஒட்டுனது வெள்ளிக்கெழமை வரைக்கும் அப்படியே நிக்கும். ஆளு செவத்தைப் பாத்து விடிய விடியப் பேசிக்கிட்டு இருப்பான். அதே சீட்டுல கீழ நர்சம்மா "யாரோடயோ பேசிக்கிட்டு இருக்கார்"னு எழுதியிருப்பாங்க. மேல ஒரு ஆளு, கீழ ஒரு ஆளு. நீ யாருக்கு நம்பர் போடுவ?

ஒங்க சட்டத்துலயும் ஒரு வேடிக்கை இருக்கு. ஓ.பி.யில பாத்த டாக்டரு "ஸ்கிசோஃப்ரினியாவா இருக்கலாம்"னு எழுதுனா, நீ அந்த நம்பரைத் தொடக் கூடாது, 44.0-ன்னு அறிகுறியைத்தான் போடணும். அதே டாக்டரு, அதே ஆளு, ஐ.பி.யில படுக்க வச்சு வீட்டுக்கு அனுப்பும்போது அதே "இருக்கலாம்"னு எழுதுனா, இருக்குன்னே போடலாம். வாசல்ல சந்தேகம், கட்டில்ல உறுதி! எந்தக் கட்டிலுக்கு இம்புட்டு சக்தின்னு தெரிஞ்சா நானும் ஒண்ணு வாங்கிப் போடுவேன்.

ஆனா ஒண்ணு சொல்லுதேன். ஒங்க சட்டத்துலயே எனக்குப் பிடிச்சது ஒண்ணு உண்டு. சீட்டுல டாக்டரு எழுதாததை நீயா ஊகிச்சுப் போடக் கூடாதுங்காங்களே, அது தங்கமான சட்டம். அந்தக் காலத்துல ஊர்க் கணக்கு எழுதுன கர்ணத்தை நெனச்சுக்கோ. வயக்காட்டைப் போயிப் பாத்து, எந்த சர்வே நம்பர்ல என்ன வெள்ளாமை நிக்குன்னு அடங்கல்ல எழுதணும். நல்ல கர்ணம் வரப்புல நடந்து எழுதுவாரு. கெட்ட கர்ணம் திண்ணையில உக்காந்து போன வருசத்தைப் பாத்து இந்த வருசத்தை எழுதுவாரு. தரிசு கெடக்க புஞ்சையில பருத்தி நிக்கும், காகிதத்துல. அதை நம்பி மேல இருக்க தாசில்தாரு தீர்வை போடுவாரு. டாக்டரு கர்ணம்னா நீ தாசில்தாரு ஆபீஸ் கிளார்க்கு. ஒனக்கு வயக்காடு தெரியாது, அடங்கல்தான் தெரியும். அடங்கல்ல சந்தேகம் வந்தா நீயா பருத்தியைப் பிடுங்கிப் போட்டுக் கம்பு விதைக்காத. திருப்பி அனுப்பிக் கேளு. அதுக்குத்தான் க்வெரின்னு ஒண்ணு வச்சிருக்காங்க. அதுலயும் "இது ஸ்கிசோஃப்ரினியாதான டாக்டர்?"னு வாயில ஊட்டி விடக் கூடாதாம். அதுவும் சரிதான்.

ஏன் இம்புட்டு அழுத்திச் சொல்லுதேன் தெரியுமா? நம்பருக்குப் பின்னால துட்டு நிக்கு. துட்டு நிக்க எடத்துல நோவு தானா வளரும். அமெரிக்காவுல முதியோர் இல்லத்துல நடந்ததைக் கேளு. இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வராது, நானும் கெழவன்தான.

ஞாபக மறதி நோவு வந்த கெழவன் ராத்திரி தூங்க மாட்டான், கத்துவான், எந்திரிச்சு நடப்பான். பாத்துக்கிட ஆளு வேணும். ஆளுக்குச் சம்பளம் குடுக்கணும். மாத்திரை மலிவு. மனநோய்க்குக் குடுக்குத மாத்திரையைப் போட்டு அமுக்கிப் படுக்க வச்சா சத்தம் ஓஞ்சுரும். அந்த மாத்திரை மறதி நோவுக்காரக் கெழங்களுக்கு உசுராபத்துன்னு 2005-லயே அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீஸ் கட்டம் கட்டி எச்சரிச்சிருக்கு. எந்த இல்லத்துல எத்தனை பேருக்கு அதைக் குடுக்காங்கன்னு சர்க்காரு எண்ணி, அதையும் பாத்துத்தான் நட்சத்திரம் குடுக்கு. ஆனா ஸ்கிசோஃப்ரினியா இருக்கவங்களை அந்த எண்ணிக்கையில சேக்க மாட்டாங்க. அவங்களுக்கு மாத்திரை வேணும்லா? நியாயந்தான்.

பெறகென்ன? நேத்து வரைக்கும் நல்லா இருந்த கெழவிக்கெல்லாம் காகிதத்துல ஸ்கிசோஃப்ரினியா வந்துட்டு. 2021-ல நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்காரன் எண்ணிப் பாத்தா, முதியோர் இல்லத்துல 9 பேருக்கு ஒருத்தருன்னு அந்த நோவு இருக்கு. வெளிய ஊர்ல சுமாரா 150 பேருக்கு ஒருத்தருக்குத்தான் வரும். வாலிபத்துல வாரது வழக்கமா இருக்க நோவு, எண்பது வயசுல கும்பலா வந்து எறங்குச்சாம்! 2023 ஜனவரியில அந்த ஊரு சர்க்காரு முழிச்சுக்கிட்டு, ஸ்கிசோஃப்ரினியா நம்பர் போட்ட இல்லங்களோட சீட்டை வாங்கித் தணிக்கை பண்ணப் போறோம்னு அறிவிச்சுது. சீட்டுல குரல் கேட்டதுன்னு ஒரு வரி உண்டா, எப்ப இருந்துன்னு உண்டா, யாரு பாத்தான்னு உண்டா? ஒண்ணும் இல்லாம நம்பர் மட்டும் நின்னா அது நோவில்லை, களவு.

சரி, அமெரிக்காக்காரனை மட்டும் நக்கலடிச்சுட்டு நாம யோக்கியன்னு மீசையை முறுக்காத. நம்ம ஊர்ல ஒருத்தனுக்குக் குரல் கேட்டா என்ன செஞ்சோம்? பேய்னோம், செய்வினைன்னோம், சாமி எறங்கிருக்குன்னோம். கொண்டுபோயிக் கட்டிப் போட்டோம். 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி ஏர்வாடியில ஒரு காப்பகம் தீப்பிடிச்சப்போ, சங்கிலியில கெடந்தவங்க எந்திரிச்சு ஓட முடியலை. 28 பேரு செத்தாங்க. அவங்களுக்கு நம்பரும் இல்லை, சீட்டும் இல்லை, "ஒனக்கு என்ன கேக்கு?"ன்னு கேட்ட ஆளும் இல்லை. அமெரிக்காக்காரன் கேக்காம எழுதுனான், நாம கேக்காமக் கட்டுனோம். ரெண்டு ஊருக்கும் கொறை ஒண்ணுதான்: கேக்கலை.

அதனால சொல்லுதேன், காது குடுத்துக் கேளு. நாளைக்கு நீ பெரிய ஆபீசராகி, டாக்டருங்களுக்கு எப்படி எழுதணும்னு கிளாஸ் எடுப்ப. அப்ப இந்தக் கெழவன் சொன்னதைச் சொல்லு. குரல் கேக்குன்னு வந்தவன்கிட்ட மொதல்ல என்ன கேக்கணும்? எப்ப இருந்து கேக்கு? நல்லா முழிச்சிருக்கும்போதா, தூக்கச் சடவுலயா? தெரிஞ்ச குரலா, தெரியாததா? ஒன்கிட்டப் பேசுதா, ஒன்னப் பத்தி ரெண்டு குரல் தங்களுக்குள்ள பேசிக்கிடுதா? ஏதாவது செய்யச் சொல்லுதா? சொன்னதைச் செய்யணும்னு தோணுதா? இந்தக் கடைசி ரெண்டு கேள்வியும் எழுதாத சீட்டைக் கிழிச்சுப் போட்டாலும் பாவமில்லை.

ரெண்டு குரல் தங்களுக்குள்ள பேசுனா அது ஒரு அறிகுறியே ஸ்கிசோஃப்ரினியாக் கணக்குக்குப் போதும்னு அமெரிக்க மனநல டாக்டருங்க பொஸ்தகத்துல ரொம்ப நாள் இருந்துச்சு. 2013-ல அஞ்சாம் பதிப்பு போட்டு அந்தச் சலுகையை எடுத்துட்டாங்க. இப்ப இன்னொரு அறிகுறியும் வேணும். நோவு மாறலை, பொஸ்தகம் மாறிட்டு. ஆனா அன்னைக்கு என்ன கேட்டுச்சுன்னு முழுசா எழுதி வச்சவன் சீட்டு, எந்தப் பொஸ்தகம் வந்தாலும் செல்லும். நம்பர் மட்டும் எழுதுனவன் சீட்டு அந்தப் பொஸ்தகத்தோட போச்சு.

குடியைக் கேக்க மறந்துறாத. "ஆல்கஹால்"னு ஒத்தை வார்த்தையை எழுதிட்டு டாக்டரு போயிட்டா நீ என்ன போடுவ? குடிச்சுக்கிட்டு இருக்கானா, அதுக்கு அடிமையா, நிறுத்திட்டானா, நிறுத்தி எத்தனை நாளாச்சு? மொடாக்குடியன் திடீர்னு நிறுத்துனா ரெண்டாம் நாள், மூணாம் நாள் கை நடுங்கி, ஆளு தெரியாம, எடம் தெரியாம ஒளறுவான். அது உசுருக்கே ஆபத்து, ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். இன்னொருத்தன் புத்தி தெளிவா இருப்பான், பேரு ஊரெல்லாம் சொல்லுவான், குரல் மட்டும் கேக்கும்பான். ரெண்டும் ஒண்ணில்லை. ஒன் பொஸ்தகத்துலயே எஃப் 10-க்குக் கீழ ரெண்டுக்கும் வேற வேற நம்பர் இருக்கு. பொஸ்தகம் பிரிச்சு வச்சிருக்கு, எழுதுதவன் பிரிக்கலை. அப்ப யாரைத் திட்டணும்?

காய்ச்சல் உண்டா, புதுசா என்ன மாத்திரை, வலிப்பு வந்திருக்கா, காது நல்லாக் கேக்கா, வீட்டுல சமீபத்துல யாரும் தவறிட்டாங்களா? எல்லாம் கேட்டு எழுதுன பெறகு பாரு, நம்பர் தானா வந்து நிக்கும். காரணம் தெரிஞ்சா காரணத்துக்கு நம்பர், குரலுக்குத் தனியா வேண்டாம்னு ஒங்க சட்டமே சொல்லுது. மூளையில கட்டியோ வேற நோவோ இருந்து குரல் கேட்டா அந்த நோவை மொதல்ல எழுதி, எஃப் 06.0-வைப் பின்னால எழுதணும். ஒண்ணும் பிடிபடலையா? இருக்கவே இருக்கு ஆர் 44.0. தெரியலைங்கதை மரியாதையாச் சொல்லுத நம்பர் அது. அதைப் போட வெக்கப்படாத. தெரியாத எடத்துல தெரிஞ்ச மாதிரி ஸ்கிசோஃப்ரினியா நம்பர் எஃப் 20-ஐப் போட்டுட்டா, அந்த ஆளு நாளைக்குக் கால் முறிஞ்சு போனாலும், நெஞ்சு வலிச்சுப் போனாலும், மொதல்ல அந்த நம்பரைப் பாத்துட்டுத்தான் டாக்டரு மூஞ்சியைப் பாப்பாரு. "எல்லாம் மனப்பிரமை"ன்னு அனுப்பிருவாரு. போட ஒனக்கு ரெண்டு நிமிசம் ஆச்சு. அழிக்க அவனுக்கு ஆயுசு பத்தாது.

ஒனக்கு டார்கெட் இருக்கு, தெரியும். ஒரு நாளைக்கு இத்தனை சார்ட், நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு சரியா இருக்கணும், இல்லைன்னா க்யூ.ஏ.காரன் மெயில் போடுவான். போடட்டும். வேகமாப் போடு, வேண்டாங்கலை. ஆனா குரல் கேக்குன்னு எழுதியிருக்க சீட்டு வந்தா மட்டும் ஒரு வாட்டி கூடுதலா வாசி. அந்தப் பக்கம் ஒரு மனுசன் இருக்கான். அவன் ஊரு ஒனக்குத் தெரியாது, ஒன் பேரு அவனுக்குத் தெரியாது. சீட்டுல இல்லாததைச் சேக்காத, இருக்கதை விடாத, சந்தேகம்னா கேட்டு எழுது. அதுக்கு மேல ஒங்க கோடிங்காரங்க எழுதுத சி.பி.சி. பரீச்சையில தேறணும்னா தேறிக்கோ.

இன்னும் ஒண்ணு. ஒன் ரூம்லயோ ஆபீஸ்லயோ, நம்ம வீட்டுலயோ எவனாவது "எனக்குக் குரல் கேக்கு"ன்னு சொன்னா, படிச்ச திமிர்ல நம்பர் சொல்லிக்கிட்டு நிக்காத. சிரிக்காத, கோடாங்கியையும் தேடாத. பக்கத்துல உக்காந்து என்ன சொல்லுதுன்னு கேளு, டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போ. ராத்திரின்னு யோசிக்காத, சர்க்காரோட மனநல உதவி போன் டெலி மானஸ் இருக்கு, தமிழ்லயே பேசுவாங்க, காசு கெடையாது. 14416. எழுபதாயிரத்தை மறந்தாலும் அந்த அஞ்சு எழுத்தை மறந்துறாத பேராண்டி.